கலியாண அல்பத்தை நீதிபதி பார்ப்பாரா?

கேள்வி: எனக்கும் வவுனியாவில் இருக்கும் என் கணவருக்கும் கலியாண எழுத்து (பதிவு) முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் கோயிலில் தாலி கட்டு நடந்தது. அவருடைய ஆஸ்திரேலிய பார்ட்னர் விசாவை (வாழ்க்கைத்துணை விசா, 309) மறுத்துவிட்டார்கள். ஸ்பொன்சர் என்ற முறையில் நான், விசா மறுப்புகளை மீளப் பார்க்கும் தீர்ப்பாயத்துக்குப் போனேன். போன கிழமை அங்கேயும் மறுப்பு. எழுத்துக்குப் பிறகு ஏன் சேர்ந்து வாழவில்லை என்கிறார்கள். காசு அனுப்பியதற்கு ஆதாரமே இல்லையாம். வங்கி ரசீதுகளை நான் கொடுத்திருந்தேன். இப்போது எனக்கு நான்கு மாதம். நீதிமன்றத்தில் ஸ்கான் படத்தைக் காட்டினால் விசா கிடைக்குமா?
– வாசகி, பென்டில் ஹில், சிட்னி

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. ஸ்கான் படத்தை வைத்துவிட்டு, தீர்ப்பாயத்தின் முடிவில் என்ன திகதி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிலிருந்து 35 நாட்கள். மின்னஞ்சலை நீங்கள் திறந்த நாள் கணக்கில் வராது. மார்ச் 3 என்றிருந்தால் ஏப்ரல் 7க்குள் பெடரல் சேர்க்கிட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவில் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பிந்தினால் கால நீடிப்புக் கேட்கலாம், ஆனால் அது தனித் தலையிடி.

சரி, படம். என் முதல் வழக்கில் கட்சிக்காரரின் கலியாண அல்பத்தை நீதிபதியிடம் நீட்டினேன். அவர் திறக்கவே இல்லை. கலியாணம் உண்மையா என்பது அங்கே கேள்வி அல்ல. தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. அதனால்தான் இதை மேன்முறையீடு என்று சொல்லாமல் நீதித்துறை மீளாய்வு என்கிறோம். வென்றாலும் நீதிபதி விசா தரமாட்டார். வழக்கு திரும்பவும் தீர்ப்பாயத்துக்கே போகும். அங்கே பிள்ளையைப் பற்றிச் சொல்லலாம்.

எழுத்து விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். எழுத்துக்கும் தாலிக்கும் இடையே பெண் தாய்வீட்டில் இருப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் விளக்கத்தைக் கேட்டுவிட்டு நம்பாமல் விட்டார்கள் என்றால், அது பெரும்பாலும் உண்மைகளை எடைபோட்ட விஷயம். நீதிமன்றம் கை வைக்காது.

ரசீது அப்படியல்ல. காசு விவகாரம், வீட்டு வாழ்க்கை, ஊர் உங்களைத் தம்பதியாகப் பார்க்கிறதா, ஒருவர் மேல் ஒருவருக்குள்ள பற்று, இந்த நான்கையும் பார்த்தே ஆக வேண்டும் என்று குடிவரவு விதி சொல்கிறது. கையில் கொடுத்த ரசீதைப் பார்க்காமலே “ஆதாரம் இல்லை” என்று எழுதியிருந்தால், அது அதிகாரவரம்புப் பிழையாகலாம், அதாவது முடிவையே செல்லாததாக்கக்கூடிய சட்டப் பிழை. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, முடிவின் ஒவ்வொரு பந்தியையும் நீங்கள் கொடுத்த ஆவணக் கட்டோடு ஒப்பிடுங்கள். ரசீதை எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். (வங்கி வழியாக இல்லாமல் உண்டியல்காரர் கையால் போன காசு என்றால் என்னிடமும் பதில் இல்லை.)

பிழை இருந்தால் மட்டும் போதாது. 2018இல் ஹைகோர்ட், அதுதான் இங்கே ஆக உயர்ந்த நீதிமன்றம், ஒரு பார்ட்னர் விசா வழக்கில் தீர்ப்பாயம் ஒரு விடயத்தில் சட்டத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டதைப் பார்த்தது. ஆனாலும் விண்ணப்பதாரர் தோற்றார். அரசுக்குக் கட்டவேண்டிய கடன் பாக்கி இருந்ததால், அந்தப் பிழை இல்லாமலும் விசா கிடைத்திராது. உங்கள் முடிவிலும் ரசீதைத் தள்ளிவிட்டு மிச்சக் காரணங்களை மட்டும் வாசியுங்கள். அவையே போதும் என்று தோன்றினால் வழக்கு இளைத்துவிடும்.

தோற்றால் பொதுவாக எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சர் தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழும். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் புது விண்ணப்பம் போடத் தடையில்லை. கட்டணம் 9,000 டொலருக்கு மேல், ஆனால் ஸ்கான் படத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. என்னைக் கேட்டால், இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியிடம் முடிவைக் காட்டுங்கள். ரசீது கோப்பில் இருந்து, முடிவில் காணாமல் போயிருந்தால் மட்டும் வழக்கு. இல்லையென்றால் புது விண்ணப்பம்.

கேள்வி: எங்கள் மைக்ரேஷன் ஏஜென்ட், தானே நீதிமன்றத்திலும் வாதாடுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், டாண்டினோங்

பதில்: சட்டத்தரணியாகவும் இருந்தால் நம்பலாம். வெறும் ஏஜென்ட் என்றால் அவரால் முடியாது. சட்டத்தரணி வழக்கைப் பதியும்போது, வெல்ல நியாயமான வாய்ப்பு இருப்பதாக எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போடுவீர்களா என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.