மேற்கு வாசல் மனையில் சிட்-அவுட் வேண்டுமா?

மார்த்தாண்டத்தில் 5 சென்ட், மேற்கே ரோடு. ஹாலைப் பெரிதாக்க, தலைவாசலுக்கு முன்னால் வரும் சிட்-அவுட்டை (முன் வராந்தாவை) எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. தென்மேற்குச் சாரல் நேராக உங்கள் தலைவாசலில்தான் அடிக்கும். மரக்கதவின் அடிப்பாகம் ஊறி உப்பிவிட்டால் தாழ்ப்பாள் போடவே வராது. அப்புறம் சாயங்கால வெயில் வேறு.

சிட்-அவுட்டுக்கு 5 அடி அகலமாவது விட்டு, மேலே ஓட்டுச் சாய்ப்பு போடுங்கள். தரை வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். மேற்கு ஜன்னல்களுக்கு சன்ஷேடு 2 அடிக்குக் குறைய வேண்டாம்.

ஹாலுக்கு இடம் போதாதென்றால் டைனிங்கைத் தனி அறையாக்காமல் அதோடு சேர்த்துவிடுங்கள். பிளானில் சமையலறைக்குப் பின்னால் வரைந்திருக்கும் ஒர்க் ஏரியாவில் மட்டும் கை வைக்காதீர்கள். தேங்காய் துருவ, விறகடுப்பு வைக்க, மழை நாளில் துணி காயப்போட எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான்.