என்ன குறை வச்சேன்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 47. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுப்பார். மகளும் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். இப்போது அந்த மெஷின் பழைய சேலை போர்த்தி, தலையில் அரிசி டின்னோடு மூலையில் நிற்கிறது. போன வாரம் சாப்பிடும்போது, "மனசுல ஒரு குறை இருக்குங்க" என்றேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று எழுந்துபோய்விட்டார். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் நன்றி கெட்டவளா?

- ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

இல்லவே இல்லை. 'குறை' என்றால் இல்லாதது, போதாதது. பிழை என்றும் பொருள் உண்டு. நீங்கள் முதலாவதைச் சொன்னீர்கள், அவர் காதில் இரண்டாவது விழுந்தது. கல்யாண வீட்டில் "சம்பந்தி வீட்டாருக்கு மனக்குறை வந்துடக் கூடாது" என்று பதறுவார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள். எங்கே குறை என்றாலும் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். உங்கள் வீட்டில் அந்த ஆள் தான்தான் என்று அவர் நினைத்துவிட்டார். பாவம், அவருக்கும் வலித்திருக்கும்.

உங்களுடையது மனத்தாங்கல் இல்லை. அது ஒருவர் மேல் வருவது. அதிருப்தியோ கட்சிக்காரர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எழுதுகிற சொல், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. இதை நான் ஆதங்கம் என்பேன். ஆசைப்பட்டது கைகூடாமல் போன வருத்தம் அது, யாரையும் குற்றம் சொல்லாது. "உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க, தையலை விட்டுட்டோமேன்னு ஆதங்கமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வேண்டாம்.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதென்றால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அப்புறம், அந்த அரிசி டின்னை இறக்கிவைக்க அவரையே கூப்பிடுங்கள். மெஷினுக்கு எண்ணெய் விட்டு, முதலில் ஒரு பழைய துணியில் ஓட்டிப் பாருங்கள்.