பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எங்களுக்கு ஒன்பது வயதில் மகள், ஐந்து வயதில் மகன். வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் ஊஞ்சல், சறுக்குமரம், ஏணி வைத்த சிறு மேடை மூன்றும் சேர்ந்த ஒன்றை நாங்களே கட்டலாம் என்று இருக்கிறோம். மரத்தில் செய்வதா, இரும்பிலா? என்ன வண்ணம் அடிக்கலாம்? பிள்ளைகள் கூட இருந்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும், அவர்களைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு முடித்துவைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்கிறார் கணவர். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ம.

அன்புள்ள ம.,

வண்ணம் எதுவானாலும் சரி. மரமா இரும்பா என்பதற்குப் பிறகு வருகிறேன். கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தப் பாட்டி வீட்டு யோசனைதான் என்னை உட்காரவைத்து எழுதச் செய்தது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் முடித்தே கையில் கொடுக்கிறோம், ஒரு பொருள் உருவாகும்போது மட்டும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறோம் என்ற எண்ணம் சில நாட்களாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

தயவுசெய்து அனுப்பாதீர்கள். வேலை இழுக்கும் என்றால் இழுக்கட்டும். நாளைக்கே ஊஞ்சல் ஆட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? அந்த ஆச்சரியம் உங்கள் இருவருக்குமான பரிசு. கதவைத் திறந்ததும் பிள்ளைகள் துள்ளுவதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள். புரிகிறது, எந்தப் பெற்றோருக்கும் வருகிற ஆசைதான். ஆனால் அரை நிமிட சந்தோஷத்துக்காக, அவர்கள் வாரக்கணக்கில் அனுபவிக்க வேண்டியதை எடுத்துக்கொள்கிறீர்கள்.

டென்மார்க்கில் சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளர் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடல்களை அமைத்துக்கொண்டிருந்தார். தான் அழகாக அமைத்த திடல்களைவிட, கட்டடம் எழும்பும் இடங்களிலும் பழைய சாமான் குவியல்களிலும்தான் பிள்ளைகள் மெய்ம்மறந்து விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். அந்த யோசனையிலிருந்து 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு திடல் பிறந்தது. பலகை, செங்கல் எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். போர்க்காலம், நாடு ஜெர்மானியர் பிடியில். அந்த நிலையிலும் பிள்ளைகளை நம்பி ஆணியும் சுத்தியலும் கொடுக்க அவர்களால் முடிந்தது. நமக்கு என்ன வந்தது?

என் அப்பா ஊஞ்சல் சட்டம் அடித்தபோது அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது என் வேலை, நட்டு போடுவது அக்காவின் வேலை. நட்டை முதலில் விரலால்தான் ஏற்ற வேண்டும். சாய்ந்து ஏறினால் மரை போய்விடும். அக்கா போட்ட நட்டு ஒன்று பாதியில் சாய்ந்து இறுகிவிட்டது. அப்பா அதைப் பிடுங்கித் தானே போடவில்லை. "கழட்டிட்டு மறுபடி போடு" என்று சொல்லிவிட்டு, மேல் கட்டையைத் தோளில் தாங்கியபடியே நின்றார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவும் கை இல்லை. அக்கா நிதானமாகக் கழற்றி, வாஷரைத் திருப்பி வைத்து, நட்டு விரலிலேயே வழுக்கிக்கொண்டு ஏறும்வரை விடவில்லை. ஒரு குழந்தையின் வேலைக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க முடியும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் சுத்தியலைக் கொடுத்து ஓரமாக உட்காரவைக்கிற வேலையும் வேண்டாம். அது ஏமாற்று, ஐந்து வயதுக்கு அது நன்றாகவே தெரியும். மகனிடம் நட்டையும் வாஷரையும் அளவுவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், பலகை ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கச் சொல்லுங்கள். துளை போடுவதும் கனமான கட்டையைத் தூக்குவதும் உங்கள் இருவர் பாடு. அந்த நேரத்தில் பிள்ளைகள் எட்டி நிற்கட்டும்.

மகளுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு இருக்கிறது. ஏணியின் படிக்கும் படிக்கும் இடையிலும், கைப்பிடியின் பலகைக்கும் பலகைக்கும் இடையிலும் உள்ள சந்து 3.5 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 9 அங்குலத்துக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். ஸ்கேலைக் கொடுத்து ஒவ்வொரு சந்தையும் அளக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். தம்பியின் தலைக்காகத்தான் அளக்கிறோம் என்று தெரிந்தால் ஒரு சந்தைக்கூட விடமாட்டாள்.

தரை விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். புல் போதும் என்பார்கள். போதாது. சிமெண்ட் கூடவே கூடாது. மரச்சில்லுகளை 9 அங்குல ஆழத்துக்குக் கொட்டி, சுற்றிலும் 6 அடிக்கு நிரப்புங்கள். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அது பற்றாது, மேல் கட்டையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் ஊஞ்சலைக் கைவிட்டு மேடையும் சறுக்குமரமும் மட்டும் கட்டுங்கள்.

சரி, மரமா இரும்பா? இரும்பு வெயிலில் சுடும், மரத்தில் சிலாம்பு குத்தும், மண்ணைத் தொடும் இடத்தில் உளுக்கும். நான் மரம் என்பேன், பிள்ளைகள் கையால் தேய்த்து இழைக்க முடியும் என்பதால். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய மருந்தடித்த மரத்தை மட்டும் வாங்காதீர்கள். முன்பு அந்த மருந்தில் ஆர்சனிக் என்ற நஞ்சைச் சேர்ப்பார்கள். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை 2003 முடிவோடு நிறுத்தினார்கள்.

மரம் காயக் காயச் சுருங்கும், நட்டு தளரும். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டியிருக்கும். ஸ்பேனரை மகளிடம் கொடுங்கள், அவள் முடித்தபின் நீங்கள் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.