இரண்டு கரண்டி பாயசம், இருபது நிமிடப் படபடப்பு

கேள்வி: எனக்கு வயது 36. எடை குறைக்க 14 மாதங்களுக்கு முன்பு இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 81. போன மாதம் ஒரு வளைகாப்பில் இரண்டு கரண்டி பாயசம்தான் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிறு முறுக்கிப் பேதியானது. இது போதாதென்று, காலையில் சாம்பார் இட்லியும் காபியும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனால் சில நாள் பதினொரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது. வீட்டில் இப்படி வந்தால் மாமியார் டம்ளர் நிறைய குளுக்கோஸ் கலக்கித் தருகிறார். வாயுத் தொல்லையும் உண்டு. ஆபரேஷனில் ஏதாவது தவறு நடந்திருக்குமா? இன்னொரு குழந்தைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: தவறு நடந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் ஒரே தொல்லை என்று நினைப்பது உண்மையில் இரண்டு. அடையாளம் காண ஸ்கேன் எல்லாம் தேவையில்லை, கடிகாரம் போதும். வளைகாப்பில் 15 நிமிடத்தில் வந்தது ஒன்று. இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவது வேறு.

சாதாரண இரைப்பையின் அடிவாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு கூழானதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்குள் விடும். உங்களுக்குச் செய்த ஆபரேஷனில், மேல்பக்கம் சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையை மட்டும் ஒதுக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு தைத்துவிடுகிறார்கள். அந்த வளையத்துக்கு இனி வேலையில்லை. பாயசம் மாதிரி சர்க்கரை கரைந்த திரவம் விழுந்த வேகத்தில் குடலுக்குப் போய்விடும். அந்த அடர்த்தியைக் குறைக்க ரத்தத்தில் உள்ள நீர் குடலுக்குள் இழுபடும். கூடவே குடல் சில ஹார்மோன்களையும் கொட்டும். வயிறு உப்பி முறுக்குவதும், ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சு அடித்துக்கொள்வதும் இதனால்தான். மருத்துவர்கள் இதை டம்பிங் என்பார்கள். எடை குறைப்பு ஆபரேஷனெல்லாம் வருவதற்கு முன்பே, அல்சருக்காக இரைப்பையை வெட்டியவர்களிடம் பார்த்துப் பழகிய விஷயம்தான். வந்துவிட்டால் அரை மணி நேரம் படுத்துவிடுங்கள், அடங்கிவிடும்.

பதினொரு மணி நடுக்கம்தான் எனக்குக் கூடுதல் கவலை. சாம்பாரில் ஊறிய இட்லி கிட்டத்தட்ட கஞ்சிதான், வழுக்கிக்கொண்டு இறங்கும். ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென ஏறும். உடம்பு பதறிப்போய்த் தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தரைதட்டிவிடும். இது பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஓராண்டு வாக்கில்தான் தலைகாட்டும். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது.

மாமியாரின் அன்பில் குறையில்லை, அளவில்தான் சிக்கல். டம்ளர் நிறைய குளுக்கோஸ் குடித்தால் சர்க்கரை மறுபடி எகிறி, மறுபடி விழும். வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள். நடுக்கம் வரும்போதே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ ஒரு கை வேர்க்கடலையோ சாப்பிட்டால் சர்க்கரை அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள். பழைய சர்க்கரை மாத்திரை எதையாவது இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், குற்றவாளி அதுவாகவே இருக்கலாம்.

மற்றபடி, தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட எதை முதலில் தொடுகிறீர்கள் என்பதுதான் பெரிது. முதலில் புரதம்: அவித்த முட்டை, பனீர், கெட்டியான பருப்பு, சுண்டல். அப்புறம் காய். கடைசியில் இடமிருந்தால் ஒரு இட்லி, அதுவும் சாம்பாரில் மிதக்காமல் எண்ணெய் குழைத்த பொடியோடு. இட்லிக்குப் பதில் அடை இன்னும் நல்லது. தண்ணீர், மோர், காபி எல்லாம் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ரசம் சாதம்கூட உங்கள் குடலுக்கு ஒரு பானம்தான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காபியில் சர்க்கரை வேண்டாம். பனைவெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை என்று மாற்றினாலும் உங்கள் குடலுக்கு வித்தியாசம் தெரியாது. இவ்வளவு செய்தும் மாதத்துக்கு இரண்டு முறை சர்க்கரை விழுந்தால், மாவுச்சத்து செரிக்கிற வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

வாயுவைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள், கூச்சம் புரிகிறது. பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். தயிர் பெரும்பாலும் தொந்தரவு தராது. சர்க்கரை இல்லாத சாக்லேட், புரோட்டீன் பார் சாப்பிடுகிறவர் என்றால் அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால்கூட வயிற்றை ஊதவைக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தாலோ பேதி நிற்காமல் போனாலோ வந்து காட்டுங்கள். குடலில் கிருமி பெருகியிருந்தால் மருந்தில் சரியாகும்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது? திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி, கூட வாந்தி. ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் குடல் உள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அந்த வலிக்குக் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளும் வேண்டாம், தையல் போட்ட இடத்திலேயே புண் வரும். கறுப்பாக மலம் போவது அந்தப் புண்ணின் அடையாளமாக இருக்கலாம். நாள்கணக்கில் வாந்தி என்றால், குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்லுங்கள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கும். ராத்திரி டியூட்டியில் இருப்பவரிடம் வெறுமனே 'பைபாஸ் ஆனவள்' என்றால் இதயம் என்று நினைத்து இசிஜி எடுக்க ஓடுவார். 'இரைப்பை பைபாஸ்' என்று முழுசாகச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் பிடித்து வைத்திருங்கள்.

குழந்தை விஷயம். ஆபரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம், எடை ஒரு நிலைக்கு வந்தால் நல்லது. பி12, இரும்பு, வைட்டமின் டி அளவுகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கர்ப்பமானதும் செக்கப்பில் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்க 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது வளைகாப்புப் பாயசத்தைவிட மோசம். ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி, அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிக் கொண்டுவரலாமா என்று கேளுங்கள்.