1992, 1997 சில்லறை வணிகக் கணக்குகளை ஒப்பிடும்போது

அமெரிக்கப் பொருளாதாரக் கணக்கெடுப்பில், நீங்கள் எடுத்த மாநிலத்தில் சில்லறை வணிக வேலைகள் 1992-ஐவிட 1997-இல் சரிந்திருக்கின்றன, இத்தனை கடைகளா மூடப்பட்டன என்று கேட்டிருந்தீர்கள். கடைகளைச் சந்தேகிக்கும் முன் வகைப்பாட்டைப் பாருங்கள். 1992-இல் எஸ்ஐசி (SIC) என்ற பழைய தொழில் வகைப்பாட்டு முறை. அதில் உணவகங்களும் மதுக்கூடங்களும் சில்லறை வணிகத்தில் சேர்ந்தவை. 1997-இல் என்ஏஐசிஎஸ் (NAICS) என்ற புதிய வகைப்பாடு வந்ததும் அவை தங்குமிடம், உணவுச் சேவைகளுக்கான 72-ஆம் பிரிவுக்குப் போய்விட்டன. உணவகத்தில் விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டால் வேலையாட்கள் அதிகம். அதனால்தான் விற்பனையைவிட ஆள் எண்ணிக்கை பலமாக விழுகிறது.

1992 கணக்கிலிருந்து எஸ்ஐசி 58-ஐ (உணவகங்கள், மதுக்கூடங்கள்) கழித்துப் பாருங்கள், பெரும்பகுதி சரியாகிவிடும். முழுக்கப் பொருந்தாது, ஏனென்றால் மொத்த வணிகத்திலிருந்தும் சில இனங்கள் புதிய முறையில் சில்லறை வணிகத்துக்கு வந்தன. 1997 தரவை இரு முறைகளிலும் காட்டும் இணைப்பு அட்டவணைகளைக் கணக்கெடுப்புத் துறையே வெளியிட்டது. அதுதான் நம்பகமான வழி.

அப்புறம், சம்பளத் தொகையை ஆட்களால் வகுத்து 'சராசரிச் சம்பளம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தொகை ஆண்டு முழுவதற்கும் உரியது. ஆள் எண்ணிக்கையோ மார்ச் 12 அடங்கிய சம்பளக் காலத்துக்கு மட்டும். பகுதிநேர ஊழியரும் அதில் முழு ஆள்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சேர்ந்தவரின் கூலி தொகையில் இருக்கும், அவர் எண்ணிக்கையில் இருக்கமாட்டார்.