அகழெலியை விரட்ட ஆமணக்கு நடலாமா?

வணக்கம். நியூஜெர்சி வீட்டின் புல்வெளியில் மண் வரிவரியாக எழும்புகிறது, துலிப் கிழங்குகளும் காணாமல் போகின்றன, ஆமணக்கும் பூண்டும் நட்டால், மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி வாழும் அகழெலி (mole) ஓடிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிழங்கைத் தின்றது அகழெலி அன்று. அது மண்புழுவையும் பூச்சிப் புழுக்களையும் தின்று வாழ்வது. செடியைத் தின்னாத உயிரைச் செடியின் நஞ்சு என்ன செய்யும்? பாத்தியோரம் இரண்டு விரல் நுழையும் அளவில் திறந்த வளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எலியின் வேலை. அணிலும் துலிப்பைத் தோண்டித் தின்னும். இவற்றிடம்தான் செடி பலிக்கும்: துலிப்புக்குப் பதில் டாஃபடில் நடுங்கள். அதன் கிழங்கு நஞ்சு என்பதால் பெரும்பாலும் தொடுவதில்லை.

ஆமணக்கு வேண்டவே வேண்டாம். அகழெலிக்குப் பிடிக்காதது விதையிலிருந்து எடுத்த விளக்கெண்ணெய். நட்டுவைத்த செடி அதை மண்ணில் கசியவிடுவதில்லை. விதையிலோ ரிசின் என்ற கொடிய நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடம் என்கிறீர்கள். ஊரில் வேலியோரம் பார்த்துப் பழகிய செடிதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

எழும்பிய வரியை ஓரிடத்தில் காலால் மிதித்து அமுக்குங்கள். ஓரிரு நாளில் மறுபடி எழும்பினால் அது புழக்கத்தில் உள்ள பாதை. தோட்டக் கடைகளில் விற்கும் விளக்கெண்ணெய்க் குருணையை அங்கே தூவி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பலன் நிச்சயம் என்று சொல்லமாட்டேன். பலித்தாலும் மழைக்குப் பிறகு மீண்டும் தூவ வேண்டியிருக்கும்.