‘தி ஈவில் டெட்’ என்ற திகில் படம் முதலில் திரையிடப்பட்டது 1981-லா, 1983-லா?

1981 அக்டோபர் 15. இடம், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ரெட்ஃபோர்ட் தியேட்டர். இயக்குநர் சாம் ரைமியின் நண்பரும் படத்தின் நாயகனுமான புரூஸ் கேம்பல் சிறுவயதில் படம் பார்க்கப் போன அரங்கு அது. வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தி, உள்ளே காற்று ஊளையிடும் ஒலியை ஓடவிட்டு, வந்தவர்களைப் படம் தொடங்கும் முன்பே மிரட்டியிருக்கிறார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள், கடன் வாங்கி எடுத்த படத்துக்கு இப்படி ஒரு விழா எடுத்தார்கள் என்பதே எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

சரி, அப்படியென்றால் 1983 எங்கிருந்து வந்தது? பெரிய குழப்பமே தலைப்பில்தான். அந்த இரவில் படத்தின் பெயர் ‘புக் ஆஃப் தி டெட்’. விற்பனை முகவர் இர்வின் ஷாபிரோ சொன்ன பிறகுதான் இன்றைய பெயர் வந்தது. அதனால் 1981 செய்தித்தாள்களில் ‘ஈவில் டெட்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பழைய பெயரில் தேட வேண்டும்.

1982-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின்போது திரையிட்டார்கள். அங்கே பார்த்த திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் பாராட்டி எழுதியதுதான் படத்துக்கு வழி திறந்தது. அப்புறம் 1983 தொடக்கத்தில் பிரிட்டன், ஏப்ரலில் நியூ லைன் என்ற விநியோக நிறுவனம் மூலம் அமெரிக்கா. அதாவது, 1983 என்பது பொது வெளியீட்டு ஆண்டு. முதல் காட்சி எப்போது என்று கேட்டால் 1981 என்றே எழுதுங்கள்.